ஐஃபல் காட்டு ரோமர் கோயிலில் சோடாத் தண்ணீர் அபிஷேகம்

இந்தப் பயணத்துக்கு முழுக் காரணமும் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. என் மகள் அபிக்குப் பன்னிரண்டு வயது, ஜேர்மனியின் எசன் நகரில், பல்கலைக்கழகம் நோக்கிப் போகிற பிள்ளைகளின் பள்ளியான கிம்னாசியத்தில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். மார்ச் மாதம் வரலாற்றுப் பாடத்தில் ரோமர்களைப் பற்றி வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் பேசவேண்டி வந்தது. இங்கே அதை ரெஃபெராட் என்பார்கள். "அப்பா இருக்கப் பயம் ஏன்?" என்று நான் இணையத்தில் தேடி, கொலோசியம் பற்றி ஏழு பக்கம் அச்செடுத்துக் கொடுத்தேன். அபி அதை அப்படியே ஒப்பித்திருக்கிறாள். இரண்டாவது நிமிடத்தில் ஆசிரியை அவளை நிறுத்தி, அடுத்த வசனத்தைத் தானே சொல்லி முடித்தாராம். அவரும் அதே பக்கத்தைப் படித்திருக்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

ஜேர்மனியில் மதிப்பெண் ஒன்று என்றால் உச்சம், ஐந்து என்றால் கவிழ்ந்தாயிற்று. அபிக்கு ஐந்து. கணக்கில் ஏற்கெனவே ஓர் ஐந்து இருந்தது. இரண்டும் அப்படியே நின்றால் ஆறாம் வகுப்பு முடிவில் கிம்னாசியத்திலிருந்து பிள்ளையைக் கீழ்ப்படிப் பள்ளிக்கு இறக்கிவிடலாம். நம்மவர்களுக்கு அது என்ன விஷயம் என்று நான் விளக்கத் தேவையில்லை. பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டுவதற்கு முன்பே "உங்கடை பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்கிற சனம் நாங்கள். ஆனால் அபிக்கு அந்தக் கவலை இல்லை. அவளுடைய கூட்டாளிகள் எல்லோரும் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள், அவர்களைப் பிரிவதுதான் அவள் கவலை. ஒரு கிழமை பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. நான் அச்சுப்பொறியைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

ஆசிரியை நல்லவர், இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். மே இருபத்தொன்பது, திங்கட்கிழமை. நிபந்தனை ஒன்றுதான்: இணையத்திலிருந்து ஒரு வரிகூட வரக்கூடாது. இந்தப் பக்கத்தில் ரோமர் விட்டுப்போன எதையாவது நேரில் போய்ப் பார்த்து, கண்ணால் கண்டதைச் சொல்லவேண்டும்.

என்னோடு பொதி பிரிக்கும் வேலை செய்யும் ஒருவர் ஐஃபல் மலைப்பக்கத்துக்காரர். அவர்தான் வழி காட்டினார். பெஷ் என்ற சின்னக் கிராமத்துக்குப் பக்கத்தில், காட்டுக்குள், ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு மேற்பட்ட கோயில் இடிபாடு ஒன்று இருக்கிறதாம். மூன்று தாய்த் தெய்வங்களின் கோயில். வகுப்பில் வேறு யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. மே இருபத்தைந்து வியாழக்கிழமை இயேசுவின் விண்ணேற்ற விடுமுறை, அன்றைக்கே போவது என்று முடிவு செய்தோம்.

என் மனைவி சாந்தியிடம் "ஒரு பழைய கோயில் பாக்கப் போறம்" என்று சொன்னது நான் செய்த இரண்டாவது பிழை. கோயில் என்ற சொல் விழுந்தபிறகு வேறெதுவும் அவள் காதில் விழாது. புதன்கிழமை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லை. வியாழன் விடிய ஐந்தரைக்குத் தலைமுழுகி, தட்டத்தில் வாழைப்பழம், பூ, சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் அடுக்கிவிட்டாள்.

"இஞ்சை பாரப்பா, அது இடிஞ்சுபோன கோயில். கூரையும் இல்லை, ஐயரும் இல்லை" என்றேன்.

"கூரை இல்லாட்டிக் கோயில் இல்லையெண்டு ஆர் சொன்னது? வெறுங்கையோடை வர என்னாலை ஏலாது."

அபி சப்பாத்துக் கட்டியபடியே சொன்னாள்: "அம்மா, அங்கை சாமி இல்லை. கல்லு மட்டும்தான்."

"எங்கடை கோயிலிலையும் கல்லுத்தானே பிள்ளை."

இதற்கு மேல் யாராலும் வாதாட முடியாது. காலை 7.50க்குப் புறப்பட்டோம்.

பாதை விவரம் வேண்டுபவர்களுக்கு: எசனிலிருந்து ஏ52, பிறகு ஏ3 பிடித்து லெவர்குசன், அங்கிருந்து ஏ1. கொலோனைச் சுற்றிக்கொண்டு தெற்கே போய், மெஷர்னிஷ், பாட் மூன்ஸ்டர்ஐஃபல் என்று எழுதிய வெளிவழியில் இறங்க வேண்டும். விடுமுறை நாட்களில் லொறிகள் ஓடத் தடை என்பதால் வழக்கமாக நெரியும் கொலோன் வட்டத்தில் காற்றுத்தான் ஓடியது. எங்கள் பதினொரு வயதுக் கார் மணிக்கு 140இல் போனது. அதற்கு மேல் போனால் கதவு பேசத் தொடங்கும். உலகக் கோப்பைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. எங்களை முந்திப் போன கார்களில் பாதிக்கு ஜன்னலில் கொடி முளைத்திருந்தது. வழியில் ஒரு தரிப்பிடத்தில் பதினைந்து நிமிடம் நின்றோம். கழிப்பறைக்கு ஆளுக்கு ஐம்பது சென்ட்.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் காட்சி மாறிவிட்டது. மஞ்சள் பூத்த வயல், அதற்குப் பின்னால் காடு, அதற்குப் பின்னால் இன்னும் காடு. ரூர் தொழிற்சாலைப் பக்கத்தில் இருபத்தொரு வருடம் புகைபோக்கிகளைப் பார்த்து வாழ்ந்தவனுக்கு வாய் மூடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு மூன்று கிலோமீட்டர் வீணாக ஓடினேன். பிறகுதான் மண்ணிறப் பலகை கண்ணில் பட்டது. புறச்சமயத்தாரின் கோயில் என்று டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், எழுதியிருந்தது.

"அப்பிடியெண்டால் என்ன?" என்று சாந்தி கேட்டாள்.

"கிறிஸ்தவர் இல்லாத ஆக்களின்ரை கோயில்" என்றாள் அபி.

"அப்ப எங்கடை கோயில்தான். பேந்தென்ன, நேராப் போங்கோ."

9.55க்கு வந்து சேர்ந்தோம். காரின் மீட்டர் 121 கிலோமீட்டர் காட்டியது. கார் நிறுத்த ஒரு சதமும் இல்லை. அங்கிருந்து காட்டுக்குள் ஏற்றம், நடந்து பதினைந்து நிமிடம். முதல்நாள் மழையில் பாதை ஈரமாயிருந்தது. சாந்தி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தட்டத்தை மறு கையில் ஏந்தி, எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

விண்ணேற்ற வியாழன் இந்த நாட்டில் தந்தையர் தினமும்கூட. ஆண்கள் கூட்டமாகச் சேர்ந்து இழுவண்டியில் பியர்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு காடு காடாகத் திரிவார்கள். பாதி வழியில் அப்படி ஐந்து பேர் எங்களைக் கடந்தார்கள். வண்டி முழுக்க இலை அலங்காரம். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெரிய மனிதர் "தந்தையர் தின வாழ்த்துகள்!" என்று கத்தி எனக்கு ஒரு போத்தலை நீட்டினார். மணி 10.05. கார் ஓட்டவேண்டும் என்று மறுத்தேன். உண்மையான காரணம் முன்னால் தட்டத்தோடு நடந்துகொண்டிருந்தது.

மரங்கள் விலகி வெளி தெரிந்ததும் எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. ஒன்றுமில்லை, முழங்கால் உயரச் சுவர்கள்தான். ஆனால் அந்தச் சுவர்கள் புல்லுக்குள் ஒரு முழுக் கோயிலையும் கோடு போட்டுக் காட்டுகின்றன. நடுவில் சதுரமாய் ஒரு கருவறை, அதைச் சுற்றி நடக்க ஒரு வீதி! இத்தனை தூரம் வந்து, ஐரோப்பாக் காட்டுக்குள் ஒரு உள்வீதி இருக்கும் என்று யார் நினைத்தது? நான் சப்பாத்தோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். சாந்தி முறைத்தாள், கழற்றிவிட்டு இன்னும் இரண்டு சுற்றினேன். பக்கத்தில் நீண்ட மண்டபம் ஒன்றின் அத்திவாரமும் ஒரு கிணறும் இருக்கின்றன.

அந்த மூன்று தாய்மாரும் ஒரு கல்லில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் இருப்பவர்களுக்குத் தலையில் பெரிய வட்டக் குல்லாய். நடுவில் இருப்பவள் சின்னவள், தலைமயிரை அவிழ்த்து விட்டிருக்கிறாள். மூவர் மடியிலும் பழக்கூடை. என்னை உலுக்கியது அது மட்டுமில்லை. கல்லின் காலடியில் அப்பிள்கள் இருந்தன, கொஞ்சம் காட்டுப்பூ, சில சில்லறைக் காசு, மரக்கொப்பில் ஒரு நாடா. அப்பிள் வாடவில்லை. யாரோ அந்தக் கிழமைதான் வைத்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் அபி அளவு நாடாவோடு ஓடித் திரிந்தாள். சுவரின் நீளம், அகலம், கிணற்றின் விட்டம் எல்லாம் கொப்பியில் ஏறின. இருபது நிமிடத்தில் வந்து என் பக்கத்தில் புல்லில் குந்தினாள். கண் கலங்கியிருந்தது.

"முடிஞ்சுது அப்பா. ஒரு பக்கம்கூட வரேல்லை. பத்து நிமிஷத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல? ஒரு சுவர், இன்னொரு சுவர், ஒரு கிணறு. எனக்கு மற்ற ஐந்தும் நிச்சயம்."

இணையத்தில் பார்த்ததைச் சொல்லத்தான் வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் கற்பூர வாசம் வந்தது.

திரும்பிப் பார்த்தால் சாந்தி தன் வேலையை முடித்திருந்தாள். கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் முழுவதையும் ஊற்றி மூன்று பேருக்கும் முகம் கழுவி, சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, வாழைப்பழத்தை அப்பிளுக்குப் பக்கத்தில் அடுக்கி, கற்பூரம் கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! பைன்லிஷ்!" என்றாள் அபி. மானம் போகிறது என்று அர்த்தம், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் மந்திரம் அது. சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய், எங்களைத் தெரியாதவள் போலக் கல்லை அளக்கத் தொடங்கினாள்.

மரங்களுக்கு நடுவிலிருந்து பச்சை உடுப்புப் போட்ட வனக்காவலர் ஒருவர் நாயோடு வந்தார். வேகமாகத்தான் வந்தார். "நெருப்பை அணையுங்கள், உடனே!" காட்டுக்குள் திறந்த நெருப்புக்கு அனுமதி இல்லை என்பது எனக்குத் தெரியும், எந்த ஜேர்மனிக்காரனுக்கும் தெரியும். ஆனால் கோயில் என்று வந்தபிறகு அது காடு என்பதை நாங்கள் மறந்துவிட்டோம். என் கையில் பிளாஸ்க் மூடியில் பாதித் தேநீர் இருந்தது. அதைக் கற்பூரத்தின் மேல் ஊற்றினேன். சாந்தி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதமாட்டேன்.

அவர் கொப்பியை எடுத்து அடையாள அட்டை கேட்டார். பிறகு கல்லைக் காட்டினார். "இது பிரதிதான், அசல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என்றாலும் பாதுகாக்கப்பட்ட இடம். அந்தச் சிவப்பைத் துடைத்துவிடுங்கள்."

சாந்திக்கு அவ்வளவு டொச் விளங்கும். "நான் துடைக்கமாட்டன்" என்றாள் தமிழில். "பொம்பிளையளின்ரை நெத்திப் பொட்டை அழிக்கச் சொல்லுறார். இவருக்கு வீட்டிலை மனுசி இல்லையோ?"

நான் வாயைத் திறந்தேன். இருபத்தொரு வருட டொச் காலை வாரிவிட்டது. பொதி உடைந்தால் என்ன சொல்லவேண்டும் என்று தெரியும். பொட்டு அழிக்கக்கூடாது என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. அவர் பேனாவைத் திறந்தார்.

"நான் சொல்லுறன்" என்ற குரல் பின்னால் கேட்டது. அபி. முகம் சிவந்திருந்தது, ஆனால் வந்துவிட்டாள்.

"எங்களிடம் ஒரு பெண்ணின் பொட்டைத் துடைப்பது அவள் கணவன் செத்தால் செய்வது" என்று டொச்சில் சொன்னாள். "உயிரோடு இருக்கிறவர்களுக்கு அம்மா அதைச் செய்யமாட்டாராம்."

"இவர்கள் உயிரோடு இல்லையே. கல்" என்றார் அவர்.

அபி அதைத் தமிழில் சொன்னாள். சாந்தி அவரை நேராகப் பார்த்தாள். "அப்ப அப்பிள் ஆருக்கு வைக்கினம் எண்டு கேள் பிள்ளை. கல்லுக்கோ?"

அபி கேட்டாள். வனக்காவலர் அப்பிள்களைப் பார்த்தார்.

"ஊர்ப் பெண்கள் வைக்கிறார்கள்" என்றார் கடைசியில். "நான் காணாத மாதிரிப் போய்விடுவேன். என் மனைவியும் வைத்திருக்கிறாள்."

"எதற்காக?"

அபியின் கொப்பி திறந்திருந்தது. அவள் அளவு அல்லாத ஒன்றை எழுதத் தயாரானது அப்போதுதான்.

"மகளின் பிரசவத்துக்காக" என்றார். அவருக்கே வெட்கமாய் இருந்தது. எழுதுகிற ஆள் தான் இல்லை, அந்தப் பிள்ளை என்பது அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். இருந்தாலும் சிவப்பு போகத்தான் வேண்டும் என்றார். சாந்தி துடைக்கமாட்டேன் என்றாள். அபி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, துடைக்கத் தேவையில்லை. அபிஷேகம் செய்யுங்கோவன். தண்ணியோடை தானாப் போகும், ஒருத்தரும் அழிக்கேல்லைத்தானே?"

சாந்தி யோசித்தாள். சட்டத்தில் ஓட்டை இல்லை. "ஓம், அது சரிதான்." ஆனால் தண்ணீர்? எங்கள் போத்தல் முகம் கழுவியே தீர்ந்திருந்தது. கிணற்றிலும் தண்ணீர் இல்லை.

அப்போது பாருங்கள், காட்டைச் சுற்றிக்கொண்டு அந்த ஐந்து தந்தையர்களும் இழுவண்டியோடு வந்து சேர்ந்தார்கள். அபி ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னாள். வைக்கோல் தொப்பிக்காரர் பியர்ப் பெட்டிக்கு அடியில் கையை விட்டு ஆறு போத்தல் தண்ணீர் எடுத்தார். எல்லாம் காஸ் போட்ட சோடாத் தண்ணீர். இந்த நாட்டில் வேறென்ன கிடைக்கும்?

"தொப்பியைக் கழட்டச் சொல்லு பிள்ளை" என்றாள் சாந்தி. ஐந்து தொப்பியும் இறங்கின. வனக்காவலரின் தொப்பியும் இறங்கியது. சாந்தி மூடியைத் திறந்ததும் போத்தல் சீறியது. தாய்மாரின் நெற்றியில் தண்ணீர் நுரைத்து நுரைத்து விழுந்தது, சந்தனமும் குங்குமமும் இளஞ்சிவப்பாய்க் கரைந்து புல்லுக்குள் இறங்கின. ஆறாவது போத்தலில் கல் பளிச்சென்று வந்துவிட்டது. நான் சிரித்த சிரிப்பில் எடுத்த படம் ஒன்றும் தெளிவாக விழவில்லை. அபியும் சிரித்தாள், மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அப்படிச் சிரித்தாள்.

தொப்பிக்காரர் அபியிடம் மெதுவாக ஒன்று கேட்டார். ஜேர்மனி உலகக் கோப்பை வெல்லவேண்டும் என்று கேட்கலாமா?

"கேக்கட்டும். கேக்கிறதுக்கென்ன காசே?" என்றாள் சாந்தி.

வனக்காவலர் கொப்பியை மூடினார். நெருப்பும் இல்லை, நிறமும் இல்லை, எழுத என்ன இருக்கிறது என்றார். சாந்தி எல்லோருக்கும் மரக்கறி ரோல்ஸ் கொடுத்தாள். வனக்காவலருக்கு உறைப்பில் கண்ணீர் வந்தது, ஆனாலும் இரண்டாவதுக்குக் கையை நீட்டினார்.

மதியம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி நெட்டர்ஸ்ஹைமில் இருக்கும் இன்னொரு தாய்மார் கோயிலையும் பார்த்தோம். மேட்டுப் புல்வெளியில் மூன்று கல், கீழே சின்ன ஆறு. காட்சிக்கு இதுதான் அழகு. சாந்தி பழம் மட்டும் வைத்தாள், கற்பூரப் பெட்டி காரிலேயே இருந்தது. மாலை 3.30க்குத் திரும்பினோம். பின் இருக்கையில் தாயும் மகளும் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஏன் முதலில் கழுவவேண்டும், ஏன் வெறுங்கையோடு போகக்கூடாது, சுற்றி நடப்பது எதற்கு, சாமி யாரென்று தெரியாமல் எப்படிக் கும்பிடுவது? "வீட்டுக்கு ஆரும் வந்தால் பேர் கேட்டுட்டே தண்ணி குடுக்கிறம்?" என்றாள் சாந்தி. நான் இடையில் ஒரு விளக்கம் சொல்லப் பார்த்தேன். "அப்பா, நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்று அபி சொல்லிவிட்டாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். போகவர, இரண்டு இடமும் சேர்த்து எங்களுக்கு 268 கிலோமீட்டர், பெற்றோல் ஏறத்தாழ 28 யூரோ. இரண்டு கோயிலுக்கும் நுழைவுச்சீட்டு இல்லை. பெஷ் பாதைக்கு நல்ல சப்பாத்து வேண்டும், குழந்தை வண்டி ஏறாது. கடை கண்ணி ஒன்றும் இல்லை, சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோங்கள், காஸ் இல்லாத தண்ணீர் என்றால் உத்தமம். பூவும் பழமும் வைக்கலாம். குங்குமம் வேண்டாம். கற்பூரம் வேண்டவே வேண்டாம், எல்லோருக்கும் அப்படி ஒரு வனக்காவலர் வாய்க்கமாட்டார். பழைய கல்லைப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனேன். நாங்கள் கோயிலில் செய்வதையே பக்கத்து ஊர்ப் பெண்களும் ஒளித்து ஒளித்துச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்து வந்தேன். இந்த நாடு எனக்கு முதன்முதலாக அந்நியமாய்த் தோன்றாதது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை அபி பத்து நிமிடம் கேட்ட இடத்தில் இருபத்திரண்டு நிமிடம் பேசினாளாம். இரண்டு கிடைத்தது. நேற்றுச் சான்றிதழும் வந்தது. ஐந்தும் இரண்டும் சேர்ந்து வரலாற்றில் நான்கு, அது தேர்ச்சி, பிள்ளை கிம்னாசியத்தில் தொடர்கிறாள். நான் சமையலறையில் நின்று அழுதேன், வெங்காயம் ஒன்றும் வெட்டவில்லை.

பேச்சின் முடிவில் எங்கிருந்து எடுத்தாய் என்று ஆதாரங்களை எழுதிக் கொடுக்கவேண்டும். அந்தத் தாளை அபி மேசையில் போட்டுவிட்டு விளையாடப் போயிருந்தாள். ஒன்று, நேரில் பார்த்தது. இரண்டு, அந்த வனக்காவலர். மூன்று, "சாந்தி, என் அம்மா." கார் ஓட்டினவன் பெயர் எங்கும் இல்லை.

டொச் சரியாக வராது என்று சாந்தி இந்த இரண்டு வருடத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் போனதில்லை. மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் ஆசிரியை சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார். நான் அதைச் சாந்திக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்: "இந்த ஆதாரத்தை நான் சந்திக்க விரும்புகிறேன்."

சாந்தி கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, தன் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்ப வரட்டாம்?" என்றாள்.